எகிப்தின் பழமையை எந்த நூலில் கற்பது?

சரித்திரத்தில் நாட்டம் கொண்ட அன்பர் ஒருவருக்கு நூல் ஒன்றைப் பரிசாக அளிப்பது எளிய காரியம்போலத் தோன்றும். புத்தகக் கடைக்குச் சென்று பார்த்தால்தான் அதன் கடினம் புலப்படும். பழைய எகிப்தியரைப் பற்றி மட்டுமே அலமாரி நிறைய நூல்கள் இருக்கும். ஒவ்வொன்றின் அட்டையிலும் பொன் முகமூடி அணிந்த இளமன்னன் ஒருவன் நம்மை நோக்கிக்கொண்டிருப்பான். அவற்றுள் சில, அறிஞர்கள் வாழ்நாள் முழுவதும் உழைத்துக் கண்டவற்றைக் கூறுவன. சில, நூறாண்டுகளுக்கு முன் அச்சாகி இன்று புதிய சட்டை அணிந்து வருவன. வேறு சில, பிரமிடுகளை விண்ணுலகத்தார் வந்து கட்டினர் என்று சாதிப்பன. அட்டையை மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. ஆகவே, நூலைத் தேர்ந்தெடுப்பதற்குச் சில உரைகற்கள் வேண்டும். அவை எவை என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நூலைப் பெறும் அன்பர் நாராயணவனத்தில் வாழ்பவர் என்று கொள்வோம். திருப்பதிக்குத் தென்கிழக்கே, புத்தூருக்கு அருகில், அருணாநதியின் கரையில் உள்ள ஊர் அது. அந்நதியே ஆரணியாறு என்ற பெயருடன் தமிழ்நாட்டிற் புகுந்து பழவேற்காட்டின் அருகே கடலில் கலக்கிறது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. புத்தூர்ப் பகுதி ஆந்திரத்திலேயே நின்றது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சித்தூர் மாவட்டத்தினின்று திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது நாராயணவனம் புதிய மாவட்டத்தைச் சேர்ந்தது. தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் பிழைப்பை நாடிச் சென்ற தமிழர் ஊரை விட்டு வெளிமாநிலத்தாராயினர். இப்பகுதித் தமிழரோ ஊரைவிட்டு நகராமலே வெளிமாநிலத்தாராயினர். இரு சாராரின் வீட்டிலும் நிலைமை ஒன்றே. பாட்டனார் தமிழில் படிப்பார். மகன் அம்மாநில மொழியில் கற்றிருப்பான். பேரக் குழந்தைகள் ஆங்கிலத்தில் படிப்பார்கள். அத்தகைய வீட்டிற்குச் செல்லும் நூல், படிப்பதற்கு மட்டுமன்றி மூன்று தலைமுறையினரும் கூடிப் பேசுவதற்கும் உரியதாக இருத்தல் நலம்.

நாராயணவனத்தைக் குறிப்பிடுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சரித்திர நூலை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதற்கு அவ்வூரே பாடம் கற்பிக்கிறது. ஆகாசராஜன் அரசாண்ட நகரம் அது என்றும், அவன் மகள் பத்மாவதியைத் திருவேங்கடமுடையான் அங்கே மணம்புரிந்தான் என்றும் தல புராணம் கூறும். திருமணத்துக்கு நலங்குமாவு அரைத்தது என்று பெரிய திரிகைக் கல் ஒன்றையும் அங்கே காட்டுவார்கள். கல்யாண வேங்கடேசுவரர் கோயிலின் இன்றைய கட்டடமோ விஜயநகரக் காலத்தது. 1541ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது என்பர். அக்கோயில் 1967ஆம் ஆண்டில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்திற்கு வந்தது. திரிகைக் கல்லைக் கண்டு கைகூப்புபவர் கட்டடத்தின் காலத்தையும் அறிந்துகொள்ளத் தடையில்லை. ஒன்று வழிவழியாக வந்த நம்பிக்கை. மற்றொன்று கல்லையும் எழுத்தையும் கொண்டு கணித்த காலம். இரண்டிற்கும் மதிப்பு உண்டு. ஆயினும் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் கூடாது. எகிப்தைப் பற்றிய நல்ல நூலும் இந்த வேற்றுமையை ஒவ்வொரு பக்கத்திலும் காத்து நிற்கும். அதுவே நமது முதல் உரைகல்.

கிரேக்கராகிய ஹெரொடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்றவர். பெரிய பிரமிடைக் கூஃபு மன்னன் எழுப்பி அப்போதே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. இலட்சம் பேர் மும்மாதத்துக்கு ஒரு முறை மாறி மாறி வேலை செய்து இருபது ஆண்டுகளில் அதைக் கட்டினர் என்று அவர் எழுதினார். பிரமிடின்மீது ஓர் எழுத்து இருந்ததாம். வேலையாட்கள் தின்ற முள்ளங்கிக்கும் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் ஆயிரத்து அறுநூறு தாலந்து வெள்ளி செலவாயிற்று என்பது அதன் பொருள் என்று மொழிபெயர்த்துச் சொன்னவன் கூறினான் என்றும் எழுதினார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோர் இந்த இடத்தைப் படித்தால் புன்முறுவல் கொள்ளாதிருத்தல் அரிது. அந்த மொழிபெயர்ப்பாளனுக்கு அவ்வெழுத்து உண்மையில் தெரியுமா? இல்லை, வந்த விருந்தினர் மகிழ ஏதோ ஒன்றைச் சொன்னானா? ஹெரொடோட்டஸிடம் பாராட்டத்தக்கது யாதெனில், தாம் படித்ததாகச் சொல்லாமல், பிறன் சொல்லக் கேட்டதாகவே அவர் எழுதி வைத்தார். இந்த நேர்மை இல்லாத நூல்கள் இன்றும் பல வருகின்றன.

இரண்டாவது உரைகல், நூல் எழுந்த ஆண்டு. எகிப்தியரின் சித்திர எழுத்தைப் படிக்கும் திறன் பல நூற்றாண்டுகள் உலகில் எவரிடமும் இல்லாது மறைந்திருந்தது. 1799ஆம் ஆண்டில் ரொஸெட்டாவில் கிடைத்த கல், கி.மு. 196இல் பிறந்த ஓர் ஆணையை எகிப்திய மொழியில் இரு எழுத்துகளிலும், கிரேக்க மொழியிலும் தாங்கியிருந்தது. அதன் துணைகொண்டு பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1822ஆம் ஆண்டில் அவ்வெழுத்தின் முடிச்சை அவிழ்த்தார். நம் நாட்டில் ஜேம்ஸ் பிரின்ஸெப் பிராமி எழுத்தைப் படித்தறிந்தது 1837ஆம் ஆண்டிலாகும். பாண்டிநாட்டுக் குகைகளில் உள்ள பிராமிக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டியது 1924ஆம் ஆண்டில். இவ்வாறு எழுத்தின் திறவுகோல் கிடைத்த பின்னரே எகிப்தின் சரித்திரமும் நமது பழஞ் சரித்திரமும் ஊமை நிலையினின்று நீங்கின.

திறவுகோல் கிடைத்த பின்னரும் செய்திகள் வந்தவண்ணமே இருக்கின்றன. துட்டன்காமுன் என்னும் இளமன்னனின் கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் கண்டது 1922ஆம் ஆண்டு நவம்பரில். அமெரிக்க அறிஞர் பிரெஸ்டெட் எழுதிய எகிப்திய வரலாறு 1905இல் வெளிவந்தது. நடை மிக இனியது. ஆனால் அக்கல்லறையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்க இயலாது. 2013ஆம் ஆண்டில் செங்கடற்கரையில் உள்ள வாடி அல்-ஜர்ஃப் என்னுமிடத்தில் பியேர் தலே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளரின் குழுவினர் பாபிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தனர். எழுத்துடன் கூடிய பாபிரஸ் ஏடுகளுள் இவற்றினும் பழையன இதுவரை கிடைத்தில. அவற்றுள் ஒன்று மேரர் என்னும் மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு. அவர் தம் ஆட்களுடன் தூரா என்ற இடத்துச் சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றி, கூஃபுவின் பிரமிடு எழுந்துகொண்டிருந்த கீஸாவிற்குக் கொண்டு சேர்த்த செய்தி நாள்தோறும் எழுதப்பட்டிருக்கிறது. பிரமிடு எவ்வாறு எழுந்தது என்று வியப்போருக்கு, வேலையில் ஈடுபட்ட ஒருவரே எழுதிய கணக்கு இது! 2013க்கு முற்பட்ட எந்த நூலிலும் இது இராது. ஆகையால் நூலின் முதற்பக்கத்தில் அச்சிட்ட ஆண்டைப் பார்ப்பதோடு நில்லாமல், முதற்பதிப்பின் ஆண்டையும் திருத்திய பதிப்பின் ஆண்டையும் பார்த்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பெயரைக் குறிப்பிட வேண்டியுள்ளது. பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் நெடுங்காலம் பணிபுரிந்த வாலிஸ் பட்ஜ் என்பார் 1934ஆம் ஆண்டில் காலமானார். அவர் எழுதிய நூல்கள் மிகப் பல. உரிமைக் காலம் கடந்துவிட்டமையால் அவை மலிவுப் பதிப்புகளாக எங்கும் கிடைக்கின்றன. நடைபாதைக் கடைகளிலும் காணலாம். எகிப்திய மொழியின் இலக்கணத்தைப் பற்றிய அறிவு அவர் காலத்திற்குப் பின் பெரிதும் வளர்ந்துவிட்டது. அவர் தந்த மொழிபெயர்ப்புகளையும் பெயர் ஒலிப்புகளையும் அறிஞர் இன்று ஏற்பதில்லை. விலை குறைவு என்பதற்காக அவற்றை முதல் நூலாக அளித்தல், ஊருக்குப் புதியவருக்குப் பழைய வரைபடத்தைக் கொடுத்து அனுப்புவதை ஒக்கும்.

மூன்றாவது உரைகல், காலக்கணக்கை நூல் எவ்வாறு கையாளுகிறது என்பது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மனேத்தோ என்னும் எகிப்தியப் பூசகர் தம் நாட்டு மன்னரின் வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதினார். மன்னர் குலங்களை முப்பதாக அவர் வகுத்த முறையே இன்றும் வழங்குகிறது. மூல நூல் அழிந்தது. பிறர் எடுத்தெழுதிய பகுதிகளே எஞ்சின. மனிதர் அரசாளுமுன் தேவர்கள் பல்லாயிரம் ஆண்டுகள் அரசாண்டனர் என்று அவை கூறுகின்றன. தமிழருக்கு இது புதுமையன்று. இறையனார் களவியல் உரை, முச்சங்கங்களும் 4440, 3700, 1850 ஆண்டுகள், ஆக 9990 ஆண்டுகள் நிலவின என்று கூறுவதை நாம் அறிவோம். இத்தகைய எண்களை எள்ளி நகையாடுவதும் முறையன்று. அப்படியே ஏற்று நூல் எழுதுவதும் முறையன்று. மனேத்தோவின் பட்டியலைக் கோயிற் சுவர்களில் உள்ள மன்னர் வரிசையுடனும், கல்லறை எழுத்துகளுடனும், அண்டை நாடுகளின் ஏடுகளுடனும் ஒப்பிட்டே அறிஞர் காலம் கணிக்கின்றனர். அதனாலேயே நல்ல நூல்களில் ‘ஏறத்தாழ’, ‘ஒட்டி’ என்னும் சொற்கள் அடிக்கடி வரும். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய நிகழ்ச்சிக்கு நாளும் நாழிகையும் குறித்துக் கூறும் நூலை வாங்காது விடுதலே நன்று.

நான்காவது உரைகல் யாவற்றினும் சிறந்தது: நூலில் மன்னர் மட்டும் இருக்கின்றனரா, மக்களும் இருக்கின்றனரா? நைல் நதியின் மேற்குக் கரையில், மன்னர் கல்லறைகளைக் குடைந்து சித்திரம் தீட்டிய தொழிலாளருக்கென அமைந்த சிற்றூர் ஒன்று உண்டு. இன்று அதனை தேர் எல்-மதீனா என்பர். அவ்வூரார் கிடைத்த ஓட்டுச் சில்லிலும் கற்சில்லிலும் கடன் கணக்கும் கடிதமும் வழக்கும் எழுதி எறிந்தனர். அவ்வாறு எறிந்தவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒரு கல், இரண்டாம் ராமேஸஸ் மன்னனின் நாற்பதாம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1240ஐ ஒட்டி, யார் யார் வேலைக்கு வரவில்லை என்பதைக் காரணத்தோடு குறிக்கும் வருகைப் பதிவு. ஒருவனைத் தேள் கொட்டிற்று, ஒருவனுக்கு நோய், ஒருவன் உறவினரின் ஈமக் கடனுக்குச் சென்றான், ஒருவன் வீட்டில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். இன்றைய அலுவலகங்களின் விடுமுறை விண்ணப்பங்களைக் கண்டோர்க்கு அந்த மக்கள் அயலாராகத் தோன்றுவரோ?

அதே ஊரில் மூன்றாம் ராமேஸஸ் மன்னனின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டில், கி.மு. 1157ஐ ஒட்டி, கூலியாகத் தரவேண்டிய தானியம் உரிய நாளில் வரவில்லை. தொழிலாளர் வேலையை நிறுத்திவிட்டுக் காவற்சுவர்களைக் கடந்து சென்று கோயிலின் பின்புறம் அமர்ந்தனர். பசி தாளாமல் வந்தோம் என்று அதிகாரிகளிடம் முறையிட்டனர். இத்தாலியிலுள்ள தூரின் நகரப் பொருட்காட்சிசாலையில் இருக்கும் பாபிரஸ் ஏடு இச்செய்தியைத் தாங்கி நிற்கிறது. எழுத்தில் பதிவான வேலை நிறுத்தங்களுள் நாம் அறிந்தவற்றில் மிகப் பழையது இதுவே. பொன் முகமூடியைப் பற்றி நூறு பக்கம் எழுதி, இந்தப் பசியைப் பற்றி ஒரு வரியும் எழுதாத நூல் எகிப்தின் சரித்திரமாகாது. அது எகிப்தின் நகைப்பெட்டியே ஆகும்.

இனி விலக்க வேண்டிய நூல்களைப் பற்றிச் சில சொற்கள். கல்லறையின் சாபத்தால் அதனைத் திறந்தோர் மாண்டனர் என்பது ஒரு கதை. கார்ட்டருக்குப் பொருளுதவி செய்த கார்னர்வன் பிரபு 1923இல் கொசுக்கடி சீழ்ப்பிடித்து இறந்தது உண்மை. ஆனால், கல்லறையைக் கண்டுபிடித்து ஆண்டுக்கணக்கில் அதனுள்ளேயே உழைத்த கார்ட்டர் 1939 வரை வாழ்ந்தார். சாபம் தக்க ஆளை மறந்துவிட்டது போலும்! மற்றொரு வகை நூல் நம்மவருக்கே உரியது. சொற்களின் ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு, எகிப்தியர் யாவரும் தமிழரே என்று நிறுவ முற்படும் நூல்கள் அவை. வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்குத் தாய்மொழிப் பெருமை ஊன்றுகோல் போன்றது. ஆதலால் இந்நூல்கள் எளிதிற் கவர்ந்துவிடும். ஆயின் உண்மைச் சான்றுகளே நமக்குப் போதிய பெருமை தருவனவாக இருக்கும்போது பொய்ச் சான்று எதற்கு?

அந்த உண்மைச் சான்றுகளைக் கேளுங்கள். எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குஸெய்ர் அல்-காதிமில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1978 முதல் 1982 வரை அகழ்ந்தபோது, தமிழ் பிராமியில் ‘கணன்’, ‘சாதன்’ என்னும் பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. அவ்வெழுத்துகளைத் தமிழெனக் கண்டு கூறியவர் ஐராவதம் மகாதேவன். பின்னர் அங்கேயே ‘பானை ஒறி’ என்று எழுதிய ஓடும் கிடைத்தது. பானையைத் தொங்கவிடும் உறியைக் குறிப்பது அச்சொல். பெரெனிகே என்னும் மற்றொரு துறைமுகத்துக் கோயில் முற்றத்தில், இந்தியாவில் வனைந்த பெருஞ்சாடி ஒன்றினுள் ஏழரைக் கிலோ அளவு மிளகு இருந்தது. கி.மு. 1213இல் மறைந்த இரண்டாம் ராமேஸஸின் உடலைப் பாரிஸ் நகரில் ஆராய்ந்தபோது மூக்கினுள் மிளகுகள் காணப்பட்டன. முசிறித் துறைமுகத்தோடு நடந்த வாணிகத்தைப் பற்றிய பாபிரஸ் ஏடு ஒன்று வியன்னாவில் இருக்கிறது. 1985இல் அது வெளியிடப்பட்டது. இவை கூறுவன யாவை? தமிழ் வணிகர் அங்கே சென்றனர், தம் பெயரைத் தம் எழுத்தில் எழுதினர், தம் பண்டத்தை விற்றனர் என்பனவே. பானையோடுகள் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை; அப்போது பிரமிடுகளுக்கே ஈராயிரத்தைந்நூறு வயது ஆகியிருந்தது. சான்று எவ்வளவு தூரம் செல்கிறதோ அவ்வளவு தூரமே நாமும் செல்லுதல் தகும்.

1962ஆம் ஆண்டில் இந்தியத் தொல்பொருளாய்வுத் துறையினரும் எகிப்துக்குச் சென்றனர் என்பது பலருக்குத் தெரியாது. அஸ்வான் உயரணையால் நூபியப் பகுதி நீரில் மூழ்கவிருந்தபோது, யுனெஸ்கோவின் அழைப்பை ஏற்றுப் பல நாட்டார் அங்கே அகழ்ந்தனர். பி.பி. லால் தலைமையில் நம் குழுவினர் அஃபியே என்னுமிடத்தில் பணிபுரிந்தனர். அங்குள்ள ஈமக் குழிகளுக்கும் கருப்பு-சிவப்பு மட்கலங்களுக்கும் தென்னிந்தியப் பெருங்கற்படைச் சின்னங்களுக்கும் ஒற்றுமை இருப்பதாக லால் கருதினார். இரண்டிற்கும் இடையே பல நூற்றாண்டுக் கால இடைவெளி இருப்பதால், அது தீர்ந்த முடிவாகாது. ஆராயத்தக்க வினாவாகவே இருக்கிறது.

ஐந்தாவது உரைகல் பெயர்களைப் பற்றியது. எகிப்தியர் மெய்யொலிகளை மட்டுமே எழுதினர், உயிரொலிகளை எழுதவில்லை. ஆகவே ஒரே மன்னன் ஒரு நூலில் கூஃபு, மற்றொரு நூலில் கிரேக்கர் வழக்குப்படி கியோப்ஸ். அமென்ஹோதெப் என்பவனே அமெனோஃபிஸ். எகிப்து என்ற பெயரும் கிரேக்கர் வாயிலாக வந்ததே. அந்நாட்டார் தம் நாட்டைக் கெமெட், அதாவது கருநிலம் என்றனர். கரிசல் நிலம் என்று நாம் சொல்வதுபோல, நைலின் வண்டல் படிந்த விளைநிலம் அவர்களுக்குக் கருநிலம். அதற்கப்பாலுள்ள பாலை செந்நிலம். பெயர்கள் ஏன் இவ்வாறு வேறுபடுகின்றன என்பதை முன்னுரையிலேயே விளக்கும் நூல் வாசகரை மதிக்கும் நூல். தமிழ் மொழிபெயர்ப்பாயின், எம்மொழியிலிருந்து, எந்தப் பதிப்பிலிருந்து பெயர்த்தது என்பதைக் கூறுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த உரைகற்களில் உரைத்துப் பார்த்தபின் எதை வாங்குவது? தொடக்க நிலையினருக்கு பார்பரா மெர்ட்ஸ் அம்மையார் எழுதிய இரு நூல்களைச் சொல்லலாம். ‘டெம்பிள்ஸ், டூம்ப்ஸ் அண்ட் ஹைரோகிளிஃப்ஸ்’ 1964இலும், ‘ரெட் லேண்ட், பிளாக் லேண்ட்’ 1966இலும் வெளிவந்தன. முன்னது மன்னர் வரலாறு. பின்னது மக்கள் வாழ்க்கை. அம்மையார் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எகிப்தியலில் பட்டம் பெற்றவர். புதின ஆசிரியராகவும் புகழ் பெற்றவர். நகைச்சுவையோடு எழுதுவார், அறியாததை அறியாதது என்றே சொல்வார். பிற்காலத்தில் தாமே இரண்டையும் திருத்தினார். திருத்திய பதிப்பையே கேட்டு வாங்குதல் வேண்டும். ஒரே நூல்தான் வாங்க இயலும் என்றால், மக்கள் வாழ்க்கையைக் கூறும் இரண்டாவதே நம் தேர்வு. பாட்டனார் வீட்டுத் திண்ணையில் பேரனுக்கு அதை எடுத்துச் சொல்லும்போது, ஏர், ஆறு, வெள்ளம், தானியம், கூலி என்று தமிழில் சொல்ல முடியாத செய்தி அதில் அருகியே இருக்கும்.

ஆழ்ந்து கற்க விரும்புவோர் இயன் ஷா பதிப்பித்து 2000ஆம் ஆண்டில் வந்த ஆக்ஸ்போர்டு வரலாற்றை நாடலாம். காலப் பகுதி ஒவ்வொன்றையும் அதில் வல்லவரே எழுதியிருக்கின்றனர். எகிப்தியரின் குரலையே கேட்க விரும்புவோர்க்கு மிரியம் லிக்தைம் அம்மையாரின் மூன்று தொகுதி மொழிபெயர்ப்பு உண்டு. கதையும் பாட்டும் அறவுரையும் அதில் உள. தமிழில் மட்டும் படிப்போர், தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியத்தைப் பழைய நூலகங்களில் காணலாம். நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய உலக சரித்திரக் கடிதங்களும் தமிழில் உண்டு. அவை எழுந்த காலத்தை நினைவில் வைத்துப் படித்தல் வேண்டும்.

நூலைப் படித்தபின் கண்ணாற் காணவும் வெளிமாநிலத் தமிழருக்கு வாய்ப்பு உண்டு. கொல்கத்தாவின் இந்தியப் பொருட்காட்சிசாலையிலும், ஹைதராபாதின் மாநிலப் பொருட்காட்சிசாலையிலும், ஜெய்ப்பூரின் ஆல்பர்ட் மண்டபத்திலும், வதோதராவிலும் எகிப்தியப் பதனுடல்கள் உள்ளன. நாராயணவனத்தன்பர் ஹைதராபாதுக்குச் செல்லும்போது பேரக் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லட்டும். கண்ணாடிப் பேழைக்குள் கிடப்பது வெறும் வியப்புப் பொருளன்று. ஒரு காலத்தில் பெயரும் ஊரும் சுற்றமும் கொண்டு வாழ்ந்த ஓர் உயிர் என்பதைக் குழந்தைகள் உணர்வார்களாயின், கொடுத்த நூல் தன் பணியைச் செய்துவிட்டது. பின்னர் தம் ஊர்க் கோயிலுக்குத் திரும்பும்போது, திரிகைக் கல்லை வணங்கிவிட்டு, மதிற்சுவரில் எழுத்து ஏதேனும் உண்டா என்று அவர்களே தேடத் தொடங்குவார்கள்.